என்ன சோலியாப் போறீங்க?

நான்கு நாள் பயணத்தில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். எங்கிருந்து வருகிறீர்கள் என்றோ, கால் வலிக்கவில்லையா என்றோ கேட்டவர்கள் குறைவு. பல்லடத்தில் டீ ஆற்றிக்கொண்டே ஒருவர் கேட்டார். குடிமங்கலம் நால்ரோட்டில் பஞ்சர் ஒட்டியவர் கேட்டார். உடுமலையில் ஒரு லாட்ஜில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரும் கேட்டார். "சும்மா, ஊர் பார்க்க" என்றோம். "ஏனுங்க, ஆம்பளைங்க ஆரும் கூட வரலீங்ளா?" என்றார். இல்லை என்றதும் திரும்பிச் சாவிப் பலகையைப் பார்த்தார். அதில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. "ரூம் இல்லீங்க" என்றார்.

கொங்குப் பக்கத்தில் சோலி என்றால் வேலை, காரியம். தெருவில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு சோலி இருந்தாக வேண்டும். கையில் குடமோ, ரேஷன் பையோ, டிபன் கேரியரோ, பிள்ளையோ இருந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. கை வெறுமனே இருந்தால் கேள்வி வந்துவிடும். ஊர் சுற்றுகிறான் என்று ஆம்பளைப் பையனைத் திட்டுவார்கள். அந்தத் திட்டில் பாதி செல்லம். ஊர் சுற்றி என்று பெண்ணைச் சொன்னால் அது அவள் நடத்தைக்கு எழுதிய தீர்ப்பு. நான் அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாதாட வரவில்லை. ஆமாம், ஊர்தான் சுற்றினோம். சுற்றியது சரி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2024 பொங்கல் லீவு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திருப்பூர் காலியாகிவிடும். மதுரை, தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். பனியன் கம்பெனிகளின் ஷட்டர் இறங்கிவிடும். வீரபாண்டியில் மிஞ்சியவர்களில் ஏழு பேர் ஜனவரி 17ஆம் தேதி விடியற்காலை ஐந்தரைக்கு, வீரபாண்டி பிரிவில் சைக்கிளோடு சேர்ந்தோம். பல்லடம் வழியாக உடுமலை, அங்கிருந்து திருமூர்த்தி மலை, பிறகு கொழுமம், மடத்துக்குளம், கணியூர் என்று அமராவதிக் கரையோரமாகத் தாராபுரம், குண்டடம் வழியாக வீடு. இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

நான் பதினான்கு வருடம் பவர் டேபிளில் உட்கார்ந்தவள். இப்போது பெண் தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலை. என் சைக்கிள் என்னுடையது அல்ல, பதினோராம் வகுப்பில் என் மகளுக்கு அரசாங்கம் கொடுத்தது. கூட வந்தவர்கள் ஓவர்லாக் அடிக்கும் அக்கா தங்கை இருவர், பேக்கிங்கில் இருக்கும் ஒருவர், கைமடிக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பிள்ளை, முன்பு நூல் மில்லில் கேம்ப் கூலியாக இருந்துவிட்டு இப்போது டெய்லராக இருக்கும் ஒருத்தி, நாங்கள் செக்கிங் அக்கா என்று கூப்பிடுகிற, கீரனூர்ப் பக்கத்துக்காரரான ஐம்பதைத் தொடப்போகும் ஒருவர். யாரிடமும் கியர் சைக்கிள் கிடையாது.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே முதல் எதிர்ப்பு வந்துவிட்டது. சொந்தக்காரர்களிடமிருந்து வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வந்தது நான் மதிக்கும் தொழிற்சங்கத் தோழர் ஒருவரிடமிருந்து. "கூலி உயர்வுப் பிரச்சாரம்னு சொல்லுங்க, நூறு சைக்கிள் நான் ஏற்பாடு பண்றேன். சும்மா போறதுக்கு எதுக்கும்மா நாலு நாளு?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அவரும் அந்த லாட்ஜ்காரரும் கேட்டது ஒரே கேள்விதான் என்று இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

தோழருக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள் ஒரு நாளை மூன்றாகப் பிரித்தார்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மூன்றாவது எட்டு மணி நேரம் நம் இஷ்டம். அந்த இஷ்டத்துக்கு என்ன சோலி என்று மே தின மேடையில் எந்தத் தலைவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. திருப்பூரில் அந்த மூன்றாவது எட்டு எங்கே போனது? காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட். வீட்டுக்கு வந்தால் அடுப்பு. இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு. கூலிக்காக ஊர்வலம் வரும் பெண்ணுக்கு நேரம் வேண்டும் என்று கேட்பது கோரிக்கை, அந்த நேரத்தை அவள் தன் இஷ்டத்துக்குச் செலவிட்டால் மட்டும் வீண் என்றால், நாம் எதற்குத்தான் நேரம் கேட்கிறோம்?

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள்.

செக்கிங் அக்கா சைக்கிள் கற்றது 1992இல். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்ட காலம். கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயல் வேலைக்காரர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாம் மைதானங்களில் விழுந்து எழுந்து கற்றார்கள். அந்த வருட மகளிர் தினத்தையொட்டி ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் போனார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் கம்பி வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள், கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்டுபிடித்த வசதி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றார்கள் என்று எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். நம் மாநிலத்தில் பெண்கள் கூட்டமாகச் சைக்கிள் ஏறிய கதை இதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

அந்தக் கதையை இன்று எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை. தண்ணீர் எடுக்க உதவியது, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக உதவியது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. எல்லாம் உண்மை. ஆனால் உடுமலை ரோட்டில் அக்காவிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டபோது அவர் தண்ணீர்க் குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு பெண்பிள்ளைகள் அறிவொளி வகுப்பு முடிந்த பிறகு நார்த்தாமலை வரைக்கும் மிதித்துக்கொண்டு போய், பாறையடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்ததைச் சொன்னார். "எதுக்குக்கா போனீங்க?" என்று கைமடிப் பிள்ளை கேட்டாள். "எறக்கத்துல கைய விட்டுட்டுக் கத்திக்கிட்டே வர்றதுக்கு" என்றார். இது எந்த அறிக்கையிலும் ஏறியிருக்காது. கல்யாணமாகித் திருப்பூர் வந்ததும், டவுன் ட்ராபிக்கில் வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருடம் கழித்து, குடிமங்கலம் தாண்டி, காற்றாடி மரங்கள் நிற்கிற பொட்டல் வெளியில் (காற்றாலைகளை எங்கள் கைமடிப் பிள்ளை இப்படித்தான் சொல்கிறாள்) அக்கா மறுபடியும் ஒரு இறக்கத்தில் கத்தினார். எங்களுக்கு முன்னால் போன மாட்டு வண்டிக்காரர் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினார்.

பெண்ணின் சைக்கிளை இந்த நாடு சகித்துக்கொள்ளும், அது சுமை தூக்கும்வரை. தமிழ்நாட்டில் 2001இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தொடங்கியது. சில வருடங்களில் எல்லா மாணவ மாணவிகளுக்கும் வந்தது. நல்ல திட்டம், அதை நான் குறை சொன்னால் என் மகளே என்னை விடமாட்டாள். ஆனால் பள்ளி முடிந்ததும் அந்த சைக்கிள் எங்கே போகிறது? எங்கள் தெருவில் தம்பிக்குப் போகிறது, பால் கேன் கட்ட அப்பாவுக்குப் போகிறது, கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. படிப்பு என்ற சோலி முடிந்ததும் சைக்கிளும் முடிந்தது. 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தபோதும் பேச்சு முழுக்க மாதம் எவ்வளவு மிச்சம் என்பதுதான். அவள் அந்த பஸ்ஸில் ஏறி சும்மா எங்கேயாவது போய் இறங்கினால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. மாறாக, அதையும் ஓசி என்று ஒரு அமைச்சர் மேடையில் சொல்லிக் கேட்டோம்.

2020 மே மாதம் ஞாபகமிருக்கும். ஊரடங்கில் பிழைப்பில்லாமல், அடிபட்ட அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா வரைக்கும் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் மிதித்தாள் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி. நாடே கைதட்டியது. சைக்கிள் கூட்டமைப்பு தேர்வுக்கு வரச் சொன்னது. அமெரிக்க அதிபரின் மகள் வரைக்கும் பாராட்டினார்கள். ரயில் ஓடாததால் ஒரு குழந்தை பட்ட பாடு, பார்த்தவர்களுக்குச் சாதனையாகத் தெரிந்தது. அவள் அந்தத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கை நான்கு தோழிகளோடு கங்கையைப் பார்க்க மிதித்திருந்தால் இதே ஊர்க்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? பின்சீட்டில் ஆண் இருந்தால் தியாகம். பின்சீட்டு காலியாக இருந்தால் திமிர்.

வெளிநாட்டிலும் கதை இப்படித்தான். 1894இல் மூன்று குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு பாஸ்டனிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பினார் ஆனி லண்டன்டெரி. உண்மைப் பெயர் ஆனி கோப்சோவ்ஸ்கி. லண்டன்டெரி என்பது அவர் சைக்கிளில் விளம்பரம் மாட்ட நூறு டாலர் கொடுத்த தண்ணீர்க் கம்பெனியின் பெயர். ஒரு பெண்ணால் முடியுமா என்று இரண்டு பணக்காரர்கள் பந்தயம் கட்டியதால்தான் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னார். அப்படி ஒரு பந்தயமே நடந்திருக்காது என்று பின்னால் அவரைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அவரையும் கேட்டிருப்பார்கள் என்ன சோலியாப் போறீங்க என்று. அவர் ஒரு சோலியைத் தயார் பண்ணிக்கொண்டார்.

நாங்களும் ஒருமுறை தயார் பண்ணினோம். தைப்பூசத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மடத்துக்குளத்தில் பழனி ரோட்டைத் தொட்டபோது பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. பெண்கள், பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள். இரண்டு நாள், மூன்று நாள், ராத்திரியும் பகலும் நடக்கிறார்கள், பந்தலில் படுக்கிறார்கள். ஒருவரும் கேட்பதில்லை. பந்தலில் மோர் கொடுத்தவர் எங்களைப் பார்த்து "பழனிக்குங்ளா கண்ணு?" என்றார். "ஆமாங்க" என்றார் பேக்கிங் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். மோர் கிடைத்தது, பொட்டலத்தில் புளிசாதமும் கிடைத்தது. ஒரு மோருக்காக முருகனைப் பொய்ச் சாட்சிக்கு இழுத்தோமே என்று எனக்குச் சங்கடம். பேக்கிங் அக்காவுக்கு ஒன்றுமில்லை. "சாமி கோவிச்சுக்காது. மனுசங்கதான்" என்றார். அங்கே நடந்துகொண்டிருந்த பெண்களில் எத்தனை பேருக்கு பழனி ஒரு சாக்கு என்று நான் யோசித்துக்கொண்டே மிதித்தேன். பக்தியைச் சந்தேகப்படவில்லை. வீட்டைவிட்டு மூன்று நாள் வெளியே இருக்க இந்த ஊரில் வேறு எந்தச் சாக்கும் செல்லாது என்றுதான் சொல்கிறேன்.

பல நாள் சைக்கிள் பயணம் என்று தேடினால் இன்று கிடைப்பது வேறு உலகம். டூர் ஆஃப் நீலகிரிஸ் என்று 2008இலிருந்து நடக்கிறது. டிசம்பரில், கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று மலையும் காடுமாக ஒரு வாரத்துக்கு மேல் மிதிக்கிறார்கள். மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டி ரோட்டில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகள். பைகளை வண்டி கொண்டுவரும், மெக்கானிக் வருவார், மருத்துவர் வருவார். பெண்களும் போகிறார்கள், ஆனால் சிலர்தான். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அந்த வளைவுகளில் ஒரு பெண் ஏறினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஊர் சுற்றுவது என்பது லட்ச ரூபாய் சைக்கிளும் ஹெல்மெட்டும் இருந்தால் வீர விளையாட்டு, அரசாங்க சைக்கிளும் சேலையும் இருந்தால் ஒழுக்கக்கேடு என்று ஆகிவிட்டதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? அவர்கள் போடும் டீ-ஷர்ட்டில் நூல் பிசிறு வெட்டியது செக்கிங் அக்காவாகவே இருக்கலாம். மலையும் சைக்கிளும் அச்சடித்த பீஸ்கள் ஆயிரக்கணக்கில் எங்கள் மேசையில் வந்து போயிருக்கின்றன.

நான்கு நாளில் எனக்கு முக்கியமான நாள் இரண்டாவதுதான். கேம்ப் கூலியாக இருந்தவளைப் பற்றிச் சொன்னேன். பதினாறு வயதில் உடுமலைப் பக்கத்து நூல் மில் ஒன்றில் மூன்று வருட ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டார்கள். முடிவில் மொத்தமாகப் பணம், கல்யாணச் செலவுக்கு ஆகும். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர், கல்யாணத்துக்கு முன்பே சுமங்கலி. மில்லுக்குள்ளேயே விடுதி. மாதம் ஒருமுறை வார்டனோடு வேனில் கடைவீதி, சோப்பு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மற்றபடி கேட் தாண்டக் கூடாது. இவள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போவாளாம். தெற்கே மலை தெரியுமாம். மழை பெய்த மறுநாள் மலையில் வெள்ளைக் கோடாக ஒன்று தெரியும், அது அருவிதான் என்று உடன் இருந்த பிள்ளைகள் சொல்வார்கள். மூன்று வருடம் பார்த்திருக்கிறாள். சைக்கிளில் ஒன்றரை மணி நேரத் தூரம்.

அன்று காலை உடுமலையிலிருந்து கிளம்பியதிலிருந்து அவள் பேசவில்லை. வாய்க்கால் ஓரம், தென்னந்தோப்பு, பிறகு மலை கிட்டத்தில் வந்துகொண்டே இருக்கிறது. திருமூர்த்தி அணைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு, மலையைப் பார்க்காமல் வடக்கே திரும்பி நின்றாள். "என்ன புள்ள?" என்றேன். "மில்லு இங்கிருந்து தெரியுமான்னு பார்க்கிறேன்" என்றாள். தெரியவில்லை. வெறும் தென்னைதான் தெரிந்தது. அதன் பிறகு பஞ்சலிங்க அருவிக்கு ஏறினோம். குளித்துவிட்டு வந்து ஈரத்தோடு பாறையில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்றாள். அவ்வளவுதான் நடந்தது. இதனால் கூலி உயரவில்லை, எந்தச் சட்டமும் மாறவில்லை. இது எதற்கு என்று கேட்கிறவருக்கு நான் விளக்கம் சொல்லப்போவதில்லை.

பாதுகாப்பு என்பீர்கள். கொழுமம் தாண்டி இரண்டு பையன்கள் பைக்கில் ஒட்டிக்கொண்டே வந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. ஒரு டீக்கடை முன்னால் எல்லோரும் இறங்கி நின்றோம், அவர்களும் சற்றுத் தள்ளி நின்றார்கள், பேக்கிங் அக்கா போய் "எந்த ஊரு தம்பி, ஆரு மவன்?" என்று கேட்டார். போய்விட்டார்கள். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்றுக்குப் போவதுதான். வழியெல்லாம் பெட்ரோல் பங்க் எங்கே எங்கே என்று பார்த்துக்கொண்டு, பாதிப் பங்குகளில் பூட்டு, தண்ணீர் குடிக்கவே பயந்து, மூன்றாம் நாள் எனக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. பெண்களின் பாதுகாப்பைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் ஒரு கழிவறைப் பூட்டைத் திறந்து வைத்தால் போதும்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் கிளம்பினோம், ஆறு பேர்தான் போனோம். ஓவர்லாக் தங்கைக்குப் பல்லடத்திலேயே போன் வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று. திரும்பிப் போய்விட்டாள். போய்ப் பார்த்தால் பிள்ளை தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தானாம். லாட்ஜ் கிடைக்காத இரவு பேக்கிங் அக்காவின் நாத்தனார் வீட்டுத் திண்ணையிலும் ஹாலிலும் படுத்தோம், அந்த நாத்தனாருக்கு அவர் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கொடுத்த ஏச்சு எங்கள் கணக்கில்தான் சேரும். செக்கிங் அக்கா, கம்பெனியில் அவசர ஆர்டர், ஊருக்கு வரமுடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். கீரனூரிலிருந்து திரும்பிய வீட்டுக்காரருக்கு இரண்டே நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. பதினொரு நாள் அக்கா சமைத்ததைச் சாப்பிடாமல் ஓட்டலில் சாப்பிட்டார். "இந்த வயசுல ஊர் சிரிக்கணுமாம்மா?" என்று மகன் கேட்டான். பிப்ரவரியில் ஒருநாள் அக்கா ஷிப்ட் முடிந்து வந்தபோது சைக்கிள் இல்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்தார்கள்.

பொய் சொல்லச் சொன்னதுக்காக அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். நிஜத்தைச் சொல்லியிருந்தால் போகவே முடிந்திருக்காது என்றார் அக்கா. இரண்டும் சரிதான். அந்தப் பொய்யை வைத்து நான் எந்தப் பெருமையும் பேசமாட்டேன். ஆனால் நான்கு நாள் ஊர் சுற்ற ஐம்பது வயதுக்காரி ஒருவர் பள்ளிப் பிள்ளை மாதிரிப் பொய் சொல்ல வேண்டியிருக்கிற வீட்டில், கேள்வி கேட்கப்பட வேண்டியவர் அவர் அல்ல.

இதைப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் யாராவது கிளம்பினால், எடுத்துக்கொண்டு போக வேண்டியதைச் சொல்கிறேன். கை பம்பு, சொல்யூஷன், ஒட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனர், நாப்கின், ஒரு பழைய சேலை, அது விரிக்கவும் ஆகும், மறைப்புக்கும் ஆகும். சேலை கட்டி மிதிப்பவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிவிடுங்கள், செயினில் மாட்டும். தண்ணீர் குடியுங்கள். விழிப்புணர்வு, சமத்துவம், பசுமை என்று பேனர் கட்டிக்கொள்ளாதீர்கள். கட்டினால் கலெக்டர்கூடக் கொடியசைத்து அனுப்பி வைப்பார். பேனர் இல்லாமல் போய்ப் பாருங்கள்.

செக்கிங் அக்கா சீட்டு போட்டுக்கொண்டிருக்கிறார், வாரம் நூறு ரூபாய். கொடுமுடிக்குப் போகலாம் என்கிறார். அங்கே காவிரி அகலமாக இருக்குமாம், அதைப் பார்க்க வேண்டுமாம். போக ஒரு நாள், வர ஒரு நாள். இந்த முறை கம்பி வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.